ஓசைப்படாமல் திருத்திய ஒரு வரி

போன மாதம் மௌமிதா கூப்பிட்டாள். முப்பத்து நான்கு வருஷம் நர்ஸாக வேலை பார்த்து நான் ஓய்வு பெற்ற அதே வார்டில் அவள் இருக்கிறாள். தெற்குக் கொல்கத்தாவில் ஆற்றுப் பக்கமாக உள்ள ஓர் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். நலம் விசாரிக்கும் குரலாக இல்லை, யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டும் என்ற குரல்.

"தீதி, இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்ல வந்துடுச்சு. டாக்டர் போட்டதுல ஒரு எழுத்து மாத்தணும்னாலும் அவரைத் தேடிப் பிடிச்சு வந்து அவர் கையாலயே மாத்த வைக்கணும். கேட்டா எரிஞ்சு விழறாங்க. உங்க காலத்துல நீங்களே ஓசைப்படாம சரி பண்ணிடுவீங்களாமே. ராணி மாசி சொன்னாங்க. அதுதானே எல்லாருக்கும் சுலபம்?"

ராணி மாசி எங்கள் வார்டில் பழைய ஆயா. அவள் என்னைப் புகழ்வதாக நினைத்துத்தான் சொல்லியிருப்பாள். எனக்குக் கோபம் வந்தது. மௌமிதா மேல் இல்லை, மாசி மேலும் இல்லை. எந்தக் காரியத்துக்காக நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேனோ, அது அந்த வார்டில் என் திறமையாகப் பேர் வாங்கிக்கொண்டு திரிகிறதே என்று. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. உட்கார்ந்து எழுதலாம் என்று முடிவு செய்தேன். எங்களுக்குள் பேச்செல்லாம் வங்க மொழியில்தான். அம்மா கற்றுக்கொடுத்த தமிழில்தான் எனக்கு நிஜம் எழுத வரும் என்பதால் இதில் எழுதுகிறேன், அவளுக்குப் பிறகு வங்க மொழியில் சொல்லிப் படித்துக் காட்டுவேன்.

அப்பா ரயில்வே தலைமை அலுவலகத்துக்கு மாற்றலாகி கொல்கத்தா கார்டன் ரீச்சுக்கு வந்தபோது எனக்கு நாலு வயது. மறுபடி மாற்றல் வரும் வரும் என்று பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்காமல் இருந்தோம், வரவே இல்லை. பள்ளிக்கூடம் முடித்து நர்ஸ் படிப்பில் சேர்ந்தேன். படித்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கால் வலித்தது, பசித்தது, தேறிவிட்டேன்.

படிப்பில் இல்லாத ஒன்றை வார்டில் கற்றேன். எங்கள் வார்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாகப் படித்து முடித்த பயிற்சி டாக்டர்கள் வருவார்கள். தப்பு எழுதுவார்கள். ஐந்நூறு மில்லிகிராம் எழுத வேண்டிய இடத்தில் ஐந்தாயிரம் எழுதியவர் உண்டு. டாக்டர் ஒரு தாளில் எழுதுவார், அதைப் பார்த்து நாங்கள் மருந்துத் தாள் என்ற இன்னொரு தாளில் நகல் எடுப்போம், மருந்து கொடுப்பதெல்லாம் அந்த நகலைப் பார்த்துத்தான். நகல் எடுக்கும்போதே தப்பைச் சரி செய்துவிடுவது எங்கள் வார்டுச் சீனியர்களின் வழக்கம். "நோயாளி முன்னாடி கேட்டா அந்தப் பையன் கூசிப்போயிடுவான். நீ சரி பண்ணிடு, டீ குடிக்கறப்போ காதுல போட்டுடு" என்பார் எனக்கு முன்னால் தலைமை நர்ஸாக இருந்த மாலதி தீதி. நல்ல மனசோடு செய்த காரியம்தான். வருஷம் போகப் போக, நான் சரி பண்ணுவதை மட்டும் வைத்துக்கொண்டேன். டீ வேளையில் காதில் போடுவதை விட்டுவிட்டேன். எதற்குச் சொல்ல வேண்டும், எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

இப்போது சான்யால் ஸார். குடல் வியாதிகளுக்கு எங்கள் பெரிய டாக்டர். குள்ளமான ஆள், கதர்ச் சட்டை, பதினொரு மணிக்கு ஒரு டப்பா நிறையப் பொரி சாப்பிடுவார். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. யார் என்ன சொன்னாலும் ஒரே கேள்விதான்: "கோதாய் லேகா ஆச்சே?" எங்கே எழுதியிருக்கிறது என்று அர்த்தம். மற்றவர்களைக் கேட்பதற்கு முன்னால் தன்னைக் கேட்டுக்கொள்வார். சிகிச்சை வழிகாட்டு நெறிகளின் பக்கங்களை வெட்டி ஒட்டிய நோட்டு ஒன்று அவர் கையில் இருக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுடையது போலப் பழுப்பு அட்டை போட்டது. தெரிந்த மருந்தானாலும் அதைத் திறந்து, வரிக்குக் கீழே விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் எழுதச் சொல்வார். நாங்கள் சிரிப்போம், அவர் பின்னால்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. தாளைப் பார்ப்பதற்கு முன்னால் நோயாளியிடம் மூன்று கேள்வி கேட்பார். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை தடவை போயிற்று, மருந்து என்ன ருசியில் இருக்கிறது. மூன்றாவது கேள்வி வெறும் குசலம் என்று நான் பல வருஷம் நினைத்திருந்தேன்.

நிர்மல் பாபு ஒரு குளிர்காலத்தில் வந்து சேர்ந்தார். கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வீடு ஹவுராவில். நுரையீரலில் சீழ் பிடித்துக் காய்ச்சல். பத்து நாள் பலமான ஆன்டிபயாடிக் கொடுத்தோம், தேறினார். வீட்டுக்கு அனுப்ப நாள் குறித்தபோது பேதி ஆரம்பித்தது. முதல் நாள் எட்டுத் தடவை, அடுத்த நாள் பன்னிரண்டு. அந்த வாடையை ஒருமுறை அறிந்தவள் மறக்கமாட்டாள். பரிசோதனையில் நாங்கள் சி டிஃப் என்று சொல்லும் கிருமி என்று வந்தது. ஆஸ்பத்திரியிலேயே வருகிற வியாதி அது. நாம் கொடுக்கிற ஆன்டிபயாடிக், குடலில் இருக்கும் நல்ல கிருமிகளையும் அழித்துவிடும். காலியான அந்த இடத்தில் இது குடியேறி விஷத்தைக் கக்கும். முற்றினால் குடல் ஊதிப்போய், வெட்டி எடுக்கும்படி ஆகும். உயிரும் போகும்.

சான்யால் ஸார் நோட்டைத் திறந்தார். தனி அறை. கவுன், கையுறை. கட்டிலுக்குக் கட்டில் நாங்கள் பெருமையாக மாட்டி வைத்திருந்த கை தேய்க்கும் சாராயக் குப்பியை அந்த அறை வாசலிலிருந்து கழற்றச் சொன்னார், இந்தக் கிருமியின் வித்து அதற்குச் சாகாது என்று. சோப்பும் தண்ணீரும்தான். அறையை விட்டு வந்ததும் வாஷ்பேசின் முன்னால் நின்று முதலில் தான் கை கழுவுவார். பிறகு ஒன்றும் பேசாமல் அங்கேயே நிற்பார். நாங்கள் ஒவ்வொருவரும் கழுவி முடிக்கும் வரை ரவுண்டு நகராது. அடுத்து, காரணமாயிருந்த ஆன்டிபயாடிக்கை நிறுத்தினார். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையையும் நிறுத்தினார். நிர்மல் பாபு தலையணைக்கடியில் அதில் ஒரு முழு அட்டை வைத்திருந்தார், இந்த ஊரில் அது இல்லாத தலையணை உண்டா. ராணி மாசி பிடுங்கியபோது, சொத்தை எழுதி வாங்கியது போல முகத்தை வைத்துக்கொண்டார்.

கடைசியாக மருந்து. வான்கோமைசின். பயிற்சி டாக்டர் அபிஜித், சேர்ந்து மூன்று வாரம் ஆனவர், தாளில் எழுதினார்: வாய் வழியாக, ஆறு மணிக்கு ஒருதரம், நூற்று இருபத்தைந்து மில்லிகிராம்.

மருந்துக் கடையிலிருந்து வந்தது ஐந்நூறு மில்லிகிராம் ஊசிக் குப்பி. அதன் மேலேயே ஊசிக்கு என்று அச்சடித்திருந்தது. அந்த மருந்தை நான் நூறு பேருக்காவது கொடுத்திருப்பேன், எல்லாம் சலைனில் கலந்து நரம்பு வழியாக. ஊசி மருந்தை யாராவது குடிப்பார்களா? பையன் தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டான் என்று நினைத்தேன். நகல் எடுக்கும்போது 'வாய்' என்பதை 'நரம்பு' என்று மாற்றினேன். அளவு ரொம்பக் குறைவாக இருந்தது கண்ணில் பட்டது. வயசானவர், சிறுநீரகம் தாங்காது என்று குறைத்திருப்பார்கள் என்று அதற்கும் நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. அபிஜித் எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார், நான் அவரைக் கேட்கவில்லை. அவர் கூசக்கூடாது என்பதற்காக என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நிஜம் அது இல்லை. எனக்குக் கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

இரண்டு நாள் நரம்பில் போயிற்று. நரம்பில் போனால் அந்த மருந்து குடலுக்குள் போய்ச் சேராது. குடிக்கத்தான் வேண்டும். அது எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் காலை நிர்மல் பாபுவுக்கு பேதி நின்றிருந்தது. சந்தோஷப்பட அதில் ஒன்றும் இல்லை, குடலே அசைவதை நிறுத்தியிருந்தது. வயிறு உப்பி, தட்டினால் டொப் என்று ஒலித்தது, காய்ச்சல் ஏறியிருந்தது. தொப்புள் வழியாக டேப் வைத்து அளந்து, அளந்த இடத்தில் இரு பக்கமும் பேனாவால் கோடு போட்டேன். முந்தின நாளைவிட நாலு சென்டிமீட்டர் கூட. மருந்து கேட்கவில்லை, குடலை எடுப்பதைத் தவிர வழியில்லை என்று எல்லோரும் நினைத்தோம். அறுவை டாக்டர் லாஹிரியை பதினொரு மணிக்கு வரச் சொல்லியாயிற்று. மகள் ரீனா அதிகாலைப் படகு பிடித்து வந்து, சம்மதத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றிருந்தாள்.

ஒன்பதரைக்கு சான்யால் ஸார் வந்தார். அந்த நிலையிலும் தாளைக் கேட்கவில்லை. குனிந்து முதல் கேள்வி, இரண்டாம் கேள்வி. பிறகு, "மருந்து ரொம்பக் கசக்குதா?" என்றார்.

நிர்மல் பாபு கண்ணைத் திறந்தார். "எந்த மருந்து? நான் ரெண்டு நாளா வாயில ஒண்ணுமே வைக்கலியே."

சான்யால் ஸார் நிமிர்ந்து அபிஜித்தைப் பார்த்தார். "நரம்பிலயா எழுதின?"

அபிஜித்தின் முகம் வெளுத்தது. "தெரியல ஸார். எழுதியிருப்பேன்... தப்பா எழுதியிருப்பேன்."

தன் கையால் சரியாக எழுதியதை அந்தப் பையனே நம்பவில்லை. டாக்டர் எழுதிய தாள் என் கையில் இருந்த அட்டையில் இரண்டாவது பக்கம். யாரும் புரட்டவில்லை. புரட்டாமலே அந்த ரவுண்டு முடிந்திருக்கவும் கூடும். ஆனால் அந்த ஆளை மேஜையில் படுக்க வைத்துக் குடலை எடுக்க இன்னும் சில மணி நேரம்தான். நான் வாயைத் திறக்காவிட்டால், கொடுக்கவே கொடுக்காத மருந்து தோற்றுப்போனதாக எழுதி, அதற்காக எடுப்பார்கள்.

"அவர் சரியாத்தான் எழுதினார் ஸார். நான் மாத்திட்டேன்" என்றேன். இரண்டு தாளையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நோட்டைத் திறந்து விரல் வைத்தார். "வயிறு உப்பிடுச்சு, அளவு கூடும். கால் குப்பி இல்ல, ஒவ்வொரு வேளைக்கும் முழுக் குப்பி. கூடவே நரம்புல இன்னொரு மருந்து. ஜெயந்தி, இப்ப கலக்கு, நான் பாக்கறேன்." பிறகு மெதுவாகக் கேட்டார்: "வீட்டுக்காரங்ககிட்ட யார் சொல்றது?"

"நான்தான்" என்றேன்.

லிஃப்ட் பக்கத்தில் நின்று ரீனாவிடம் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. உங்கள் அப்பாவுக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டிய மருந்தை நரம்பில் கொடுத்துவிட்டேன், டாக்டர் எழுதியதை நான் மாற்றினேன். அவள் சம்மதத் தாளை நாலாக மடித்தாள்.

"ரெண்டு நாள் நான் பக்கத்துல உக்காந்து அது சொட்டு சொட்டா விழறதை எண்ணிக்கிட்டிருந்தேன். ஒவ்வொரு சொட்டுக்கும் தெம்பா இருந்தது" என்றாள். பிறகு, "நீங்க இனிமே அப்பா பக்கத்துல வரக்கூடாது" என்றாள்.

"சரிம்மா. ஆனா இதைக் கலக்கற விதம் இப்ப ஸார் எனக்கு மட்டும்தான் சொல்லியிருக்கார். மத்தவங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கற வரைக்கும் ஒண்ணு ரெண்டு வேளை நான் வரணும். நீங்க கூடவே நின்னு பாருங்க. எது வேணா கேளுங்க."

நின்றாள். குப்பியை உடைத்துப் பத்து மில்லி சுத்தத் தண்ணீர் விட்டு, தூள் கரையும் வரை உள்ளங்கையில் உருட்டி, ஊசி இல்லாத சிரிஞ்சில் உறிஞ்சி, சின்னக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் நீர் சேர்த்தேன். கோப்பையைத் தூக்கியபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "முகே தோ?" வாயில்தானே?

"முகே" என்றேன். அதற்குப் பிறகுதான் கையை விட்டாள்.

முதல் வாயை நிர்மல் பாபு துப்பிவிட்டார். அவ்வளவு கசப்பு, அதோடு வயிறு வேறு உப்பி நிற்கிறது. நான் விடுவதாக இல்லை. ஒரே மடக்கில் குடிக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? ஸ்பூன் ஸ்பூனாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே மூச்சு வாங்க விட்டு, அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு கொடுத்தேன். ரீனா டப்பாவில் கொண்டுவந்திருந்த புது வெல்லத்தை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைக்கலாமா என்று கேட்டாள். சான்யால் ஸார் நோட்டை உண்மையாகவே புரட்டிப் பார்த்துவிட்டு, "கூடாதுன்னு எழுதல" என்றார்.

லாஹிரி டாக்டர் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். நாளைக் காலை வரை பொறுக்கிறேன், அதற்கு மேல் முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். மாலை வேளையையும் நானே கொடுத்தேன். அதற்குள் மற்ற மூன்று நர்ஸுகளை நிற்க வைத்துக் கலந்து காட்டி, அவர்களையும் கலக்க வைத்தேன்.

அன்று மாலை பெஹாலாவில் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், திருநெல்வேலிப் பேச்சு இன்னும் போகவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வேலை போயிருமோ?" என்றார்.

"போகலாம்."

"போனா போவுது. அந்த ஆளு பொழைப்பாரா, அதைச் சொல்லு."

அதுதான் எனக்கும் தெரியவில்லை. அழுதேன். காலையில் முதல் பஸ்ஸில் போனேன்.

டேப்பை எடுத்து நான் போட்ட கோட்டின் மேலேயே வைத்தேன். ரீனா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு சென்டிமீட்டர் குறைவு. நம்பாமல் மறுபடி அளந்தேன், அதே ஒன்று. காய்ச்சலும் ஒரு படி இறங்கியிருந்தது. லாஹிரி டாக்டர் "சாயங்காலம் பாக்கலாம்" என்றார். சாயங்காலம், "நாளைக்குப் பாக்கலாம்" என்றார். மருந்து குடிக்க ஆரம்பித்த நாலாம் நாள் வரவில்லை, போனில் மட்டும் கேட்டுக்கொண்டார். நிர்மல் பாபு குடலோடு வீட்டுக்குப் போனார்.

ரீனா கடைசி வரை என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு வேளையும், யார் கையில் கோப்பை இருந்தாலும், அவள் கேள்வி மட்டும் நிற்கவில்லை. முகே தோ? நாலாம் நாளிலிருந்து, அவள் கேட்பதற்கு முன்னால் நர்ஸுகளே சொல்ல ஆரம்பித்தார்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

நடந்ததை நானே எழுதிக் கொடுத்தேன். ஆறு மாதம் தலைமைப் பொறுப்பை எடுத்துவிட்டார்கள், சரியான தண்டனை. திரும்பக் கிடைத்த அன்றைக்கு வார்டில் ஒரு சட்டம் போட்டேன். இனி இங்கே யாரும் ஓசைப்படாமல் எதையும் திருத்தக்கூடாது, நான் உட்பட. சந்தேகம் வந்தால் வாய்விட்டுக் கேட்க வேண்டும், எழுதியவரையே, யார் இருந்தாலும். கொடுப்பதற்கு முன்னால் மருந்தின் பெயரையும் போகும் வழியையும் நோயாளி காதில் விழச் சொல்ல வேண்டும். அபிஜித்திடம் தப்பு தெரிந்த அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருந்தேன், எல்லோர் முன்னாலும்.

சுலபமாக நடக்கவில்லை. ஒரு பெரிய டாக்டர், ஜெயந்தியின் நர்ஸுகள் நோயாளி எதிரிலேயே என்னைக் குறுக்கு விசாரணை செய்கிறார்கள் என்று மேலிடத்தில் புகார் கொடுத்தார். கூட்டத்தில் நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், மூலையில் பொரி தின்றுகொண்டிருந்த சான்யால் ஸார் தலையைத் தூக்கினார். "கேக்கக்கூடாதுன்னு கோதாய் லேகா ஆச்சே?" நான் அந்தச் சட்டத்தைக் கடைசி நாள் வரை விடவில்லை. என்னோடு முகம் கொடுத்துப் பேசாத டாக்டர்கள் நாலைந்து பேராவது உண்டு, பேசாவிட்டால் போகிறார்கள்.

மௌமிதா, இப்போது உனக்கு. டாக்டர் எரிந்து விழுந்தால் விழட்டும். கம்ப்யூட்டர் உன்னை அவரிடம் துரத்துகிறதென்றால், அது எனக்கு அன்றைக்கு இல்லாமல் போன நல்ல காலம். எது சுலபம் என்று கேட்டாயே. என் கடைசி வேலை நாளில் நீ என்ன செய்தாய் என்று மறந்துவிட்டாயா?

நீ வார்டுக்கு வந்து அது மூன்றாவது நாள். தனி அறையில் ஓர் அம்மாவுக்கு அதே வியாதி, அதே மருந்து. கடைசி நாள் என்று ஆசைப்பட்டு நானே கலந்து, சிரிஞ்சில் எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனேன். நீ குறுக்கே வந்து நின்றாய். வெளியே எனக்கு மாலை வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். "தீதி, முகே தோ?" என்று கேட்டாய். முகே என்றேன். நீ அதோடு விடவில்லை. டாக்டர் எழுதிய தாளை வாங்கி, மருந்துத் தாளுக்குப் பக்கத்தில் வைத்து, வரிக்குக் கீழே விரல் வைத்து இரண்டையும் படித்தாய். நான் கையில் மருந்தோடு நின்றுகொண்டிருந்தேன். முப்பத்து நான்கு வருஷத்தில் என்னை அவ்வளவு நேரம் யாரும் காக்க வைத்ததில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் நின்றதும் இல்லை.

படித்து முடித்துவிட்டு, "ஆச்சா, தீன்" என்றாய். கொடுங்கள் என்று நீ சொன்ன பிறகுதான் நான் கொடுத்தேன்.